காய்ச்சலோடும் பேரம் பேசியவர்

எங்கள் சர்ஜனுக்குப் பேரம் பேசாமல் இருக்கத் தெரியாது. பேரம் என்றதும் காசு என்று நினைத்துவிடாதீர்கள். காசு விஷயத்தில் அவர் சுத்த ஏமாளி. கீரைக்காரி கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்து வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். அவர் பேரம் பேசியதெல்லாம் விற்பனைக்கே வராத பொருட்களுக்கு. நேரத்துக்குப் பேரம், ரத்தத்துக்குப் பேரம், லீவுக்குப் பேரம், வயிற்றைத் திறக்கும் நீளத்துக்குப் பேரம். ஒரு தடவை சாமியோடும்.

நான் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் சர்ஜனுக்கு மாலை போடுவார்கள். கோணலாகப் போனால் மயக்க மருந்து ஓவராகிவிட்டது என்பார்கள். இந்த நியாயத்தில் காலம் தள்ளியவள் என்பதால் சர்ஜன்களைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் காரம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அதிலும் இந்த மனிதரோடு பதினாறு வருஷத்துக்கு மேல் ஒரே தியேட்டரில் நின்றிருக்கிறேன். அவர் வயிற்றோரம், நான் தலைமாட்டில்.

விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம்தான் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி, ஒரு டிரஸ்ட் நடத்திய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அவர் பெயரும் வேண்டாம். சொன்னால் இரண்டு எழுத்தைக் குறைத்துக்கொள் என்பார்.

சேர்ந்த முதல் வாரம் ஒரு குடலிறக்க ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்திருந்தேன். நோயாளி நன்றாக விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைத் துணிக்கு அடியில் கையை விட்டு அவருடைய நாடியை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, துணிக்கு மேலாக சர்ஜனின் கை வந்து என் மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்து அழுத்தியது. எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு முறைத்தேன். முகமூடிக்கு மேலே தெரிந்த அந்தக் கண்களில் ஒரு கூச்சமும் இல்லை. துணியைத் தட்டி மறுபடி விரலைக் கேட்டார். எங்கள் தியேட்டர் ஸ்டெல்லா சிஸ்டர் என் காதோரம் வந்து, “டாக்டர் இன்னும் பதினஞ்சு நிமிஷம் கேக்கறாரு மேடம். நீங்க ரெண்டு வெரல் மட்டும் குடுங்க,” என்றாள்.

விஷயம் இதுதான். அவருடைய அப்பா வளவனூர்ப் பக்கம் பெயர் பெற்ற மாட்டுத் தரகர். சந்தையில் வாங்குபவனும் விற்பவனும் கைகளின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. மகன் அதை அப்படியே தியேட்டருக்குக் கொண்டுவந்துவிட்டார். முழித்துக்கொண்டு படுத்திருக்கிற நோயாளியின் காதுபட இன்னும் எவ்வளவு நேரம், சிக்கலா என்றெல்லாம் பேசினால் பாவம் அவர் பயந்துபோவார் என்பது அவருடைய வாதம். ஒரு விரல் ஐந்து நிமிஷம். அவர் நான்கு கேட்பார், நான் இரண்டு கொடுப்பேன், மூன்றில் படியும். முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரு மாசத்தில் எனக்கே அது பழகிப்போய், வாய்விட்டு நேரம் கேட்கிற மற்ற சர்ஜன்களைக் கண்டால் நாகரிகம் தெரியாதவர்களாகத் தோன்ற ஆரம்பித்தது.

அந்தத் துணிப் பேரம் ஒரே ஒரு தடவைதான் கவிழ்ந்தது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த கட்டுமஸ்தான ஆள் படுத்திருந்தார். டிரிப்ஸை மாற்ற நான் அந்தப் பக்கம் நகர்ந்திருந்தேன். சர்ஜன் அதைக் கவனிக்காமல் வழக்கமான இடத்தில் துணிக்கு மேல் கையை வைத்து, கிடைத்த விரலில் இரண்டைப் பிடித்திருக்கிறார். உள்ளே இருந்த கை அந்த இரண்டைத் தட்டிவிட்டு ஐந்து விரலையும் நீட்டியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டதற்கு மேல் நான் கொடுத்த சரித்திரமே கிடையாதே. ஆற அமரத் தைத்துக்கொண்டிருந்தார். மரப்பு குறைய ஆரம்பித்து நோயாளி நெளிந்த பிறகுதான் நான் கத்தினேன். மேடம் இன்று தாராளம் என்றல்லவா நினைத்தேன் என்றார் அவர். நான் கையே கொடுக்கவில்லையே என்றேன். இருவரும் நோயாளியைப் பார்த்தோம்.

“எந்த மாடுன்னே சொல்லாம ரெண்டு வெரல புடிச்சா எப்புடி சார்?” என்றார் அவர் படுத்தபடியே. “அஞ்சுக்குக் கொறஞ்சி நம்மகிட்ட ஒண்ணும் கெடையாது.”

அவரும் மாட்டுத் தரகர். கடைசித் தையல்களைத் தனியாக ஊசி போட்டு மரக்க வைத்துப் போட வேண்டியதாயிற்று. அந்த ஆள் வீட்டுக்குப் போகிற வரைக்கும் சர்ஜன் வார்டுக்குப் போனால் இருவரும் மாடுகளைப் பற்றித்தான் பேசினார்கள்.

சாமியோடு பேசிய கதையையும் சொல்லிவிடுகிறேன். குடலில் புற்று வந்த ஒருவருக்கு வெட்டித் தைத்த இடம் கசிந்துவிட்டது. சர்ஜனுக்கு ராத்தூக்கம் போயிற்று. இந்த ஆள் பிழைத்தால் மொட்டை போடுகிறேன் என்று திருவக்கரை வக்கிரகாளியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். ஆள் பிழைத்தார், ஆனால் இழுத்துப் பறித்துக்கொண்டு ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. பௌர்ணமிக்குக் கோவிலுக்குப் போய் வந்தவர் தலையில் முடி அப்படியே இருந்தது, மீசையைக் காணோம். கேட்டால், இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு முழு மொட்டை கட்டுப்படியாகாது என்று அம்மனிடம் சொல்லிவிட்டாராம். அம்மன் ஒத்துக்கொண்டாளா என்றேன். “ஒண்ணும் சொல்லல மேடம். சொல்லலன்னா ஒத்துக்கிச்சின்னுதான அர்த்தம்,” என்றார்.

கேலி செய்கிறேனே தவிர, அந்தப் பேரத்தால் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் சென்னையில் புற்றுநோய் ஆபரேஷன் கற்றுக்கொண்டு வந்தவர். எங்கள் பக்கத்தில் அந்த நோயைவிடப் பெரிய நோய் தள்ளிப்போடுவது. கட்டி இருக்கிறது, எடுக்க வேண்டும் என்றால், மல்லாட்டை பிடுங்கிவிட்டு வருகிறேன் என்பார்கள்; நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். கரும்பு வெட்டு முடியட்டும், ஆடி கழியட்டும், தங்கச்சி கல்யாணம் ஆகட்டும். மற்ற டாக்டர்கள் கோபப்படுவார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாலு மாசம் கேட்டவரை அடிமாட்டு விலைக்குக் கேட்டு, நாலு வாரத்துக்கு இறக்கி, கடைசியில் வருகிற வெள்ளிக்கிழமைக்குக் கொண்டுவந்துவிடுவார். வெளியே வருகிறவர்கள் தாங்கள்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வருவார்கள்.

அவரிடம் சர்ஜரி படித்தவர்கள் பாடுதான் வேடிக்கை. எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பட்டமேற்படிப்பு இடங்கள் கிடைத்தபிறகு வருஷத்துக்கு இரண்டு பேர் வருவார்கள். இந்த ஆபரேஷனை எவ்வளவு நேரத்தில் முடிப்பாய் என்று கேட்பார். ஒரு மணி நேரம் என்றால் அரை மணி என்பார். ஒரு சாண் திறக்கிறேன் என்றால் அரைச் சாண் என்பார். பையன்கள் விவரமானவர்கள், மூன்றாம் வாரமே எல்லாவற்றையும் இரட்டித்துச் சொல்லப் பழகிவிட்டார்கள். அவர்கள் இரட்டிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால் அவர் கால்வாசிக்குக் கேட்பார். எங்கள் டிபார்ட்மென்ட்டில் யார் சொல்கிற நேரமும் உண்மையான நேரம் இல்லை என்கிற நிலை வந்தது. நான் என் கைக்கடிகாரத்தை மட்டும் நம்பிப் பிழைத்தேன்.

அங்கேதான் கோமதி வந்து சேர்ந்தாள். மற்றவர்களைப் போல இருபத்தைந்து வயசுப் பிள்ளை இல்லை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருஷம் பிரசவமும் தடுப்பூசியும் பார்த்துவிட்டு, பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபிறகு, சர்ஜரி படித்தே தீருவது என்று வந்தவள். முதல் நாள் அவர் கேட்டார். ஒன்றரை மணி நேரம் சார் என்றாள். முக்கால் மணி என்றார். ஒன்றரை மணி நேரம் சார் என்றாள். சரி, ஒண்ணு என்றார். ஒன்றரை மணி நேரம் சார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

சர்ஜன் அன்று சாப்பிடும்போது என்னிடம் புலம்பித் தீர்த்துவிட்டார். “இன்னா மேடம் இந்தப் பொண்ணு, ரேஷன் கடை மாதிரி போட்ட வெலய மாத்தவே மாட்டேங்குது. இதோட எப்புடி குடும்பம் நடத்தறது? பேஜாரா போச்சி.” மூன்று வருஷமும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை, அவள் குறைப்பதையும் ஆரம்பிக்கவில்லை. ஆனால் சிக்கலான கேஸ் வந்தால் எதிர்ப்பக்கம் நிற்க அவளைத்தான் கூப்பிட்டார்.

கோமதிக்குக் கடைசி வருஷம் நடந்துகொண்டிருந்தபோது பன்றிக் காய்ச்சல் வந்தது. உலகம் முழுக்க வந்தது, எங்களுக்கும் வந்தது. நாங்கள் காலமெல்லாம் போட்டுக்கொண்டிருந்த முகமூடியை அந்த வருஷம் ஊரே போட்டுக்கொண்டது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றவர்கள், டீ வந்ததும் அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, பக்கத்தில் இருப்பவர் மேல் தும்மிவிட்டு, மறுபடி ஏற்றிக் கட்டிக்கொண்டார்கள். இன்னொரு பக்கம் நிலவேம்புக் கஷாயத்துக்கு வரிசை. பஸ்ஸில் யாராவது இருமினால் இரண்டு சீட் காலியாகும்; உட்கார இடம் வேண்டி இருமியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சூப்பிரண்டு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். காய்ச்சல்காரர்களுக்குத் தனி வார்டு வேண்டும் என்று உத்தரவு வந்த அன்றே சர்ஜரி வார்டைக் காலி செய்து அதைக் காய்ச்சல் வார்டாக்கிவிட்டார். தியேட்டர் அவசர கேஸுக்கு மட்டும். புற்றுநோய் ஆபரேஷன் அவருடைய பட்டியலில் தேதி குறித்துச் செய்வது, அவசரம் இல்லை.

அந்த உத்தரவு வந்த நேரத்தில்தான் அஞ்சலை அட்மிட் ஆகியிருந்தாள். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம். புருஷன் கடலுக்குப் போகிறவர். அவர் கொண்டுவருகிற மீனைக் கூடையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக விற்கிறவள் இவள். இடது மார்பில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. பேரம் பேசுவதில் எங்கள் சர்ஜனுக்கு அக்காவாக இருக்க வேண்டியவள். மார்பு முழுவதையும் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதும், கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்றாள்.

“முள்ளு இருக்குதுன்னு யாராவது மீனயே தூக்கிப் போடுவாங்களா டாக்டரு?”

“ஒரு பக்கம் அழுகிப்போன மீன மறுபக்கம் திருப்பி வெச்சி விப்பியா நீ?” என்றார் இவர்.

அப்படி விற்றதே இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. மதியம் வரைக்கும் நடந்தது அந்தப் பேரம். வெளியே வரிசையில் இருந்தவர்கள் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் முழு மார்பு, வருகிற திங்கட்கிழமை என்று படிந்தது. படிந்த வியாபாரத்தைத்தான் சூப்பிரண்டின் உத்தரவு கலைத்தது. அஞ்சலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சர்ஜன் சூப்பிரண்டு அறையில் போய் உட்கார்ந்தார். வாரத்தில் மூன்று நாள் தியேட்டர் வேண்டும் என்று ஆரம்பித்தார். தினமும் போய் உட்கார்ந்தார். ராணுவம் கடைசியில் வாரத்துக்கு ஒரு நாள், புற்றுநோய்க்கு மட்டும் என்று இறங்கி வந்தது. வியாபாரம் முடிந்த சந்தோஷத்தில் சர்ஜன் தன் பங்குக்கு ஒரு நிபந்தனையைக் கொசுறாகப் போட்டார். காய்ச்சல், இருமல் இருக்கிற யாரும் தியேட்டருக்குள் கால் வைக்கக் கூடாது, டாக்டராக இருந்தாலும் சரி. வாசலில் ஸ்டெல்லா சிஸ்டர் தெர்மாமீட்டரோடு நிற்பாள். சூப்பிரண்டு எழுந்து கை கொடுத்தாராம். கேட்காமல் கொசுறு போடுகிற பழக்கம் தரகர்களுக்கு ஆகாது. தவளையும் தன் வாயால் கெடும்.

அஞ்சலையைத் திரும்ப வரச் சொல்லி அனுப்பினார்கள். வரவில்லை. சர்ஜன் என்னையும் இழுத்துக்கொண்டு ஜீப்பில் மரக்காணம் பக்கம் போனார். கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அவர் மணலிலேயே உட்கார்ந்து அவளுடைய கையைக் கேட்டார். கட்டியின் மேல் அவளுடைய விரலையே வைத்து அசைக்கச் சொன்னார். சுற்றி இருந்த பெண்கள் முந்தானையைப் பிடித்து அவளை மறைத்து நின்றார்கள்.

“இப்ப நகருது பாரு. இது நெஞ்சு எலும்போட போய் ஒட்டிக்கிச்சின்னா அப்புறம் என் கையில இல்ல. இதுல நான் ஒரு நாளுகூட எச்சா சொல்லல,” என்றார்.

அவள் அசைத்துப் பார்த்தாள். பிறகு அவளுடைய கேள்வியைக் கேட்டாள். கக்கத்தில் கத்தி வைத்தால் கை தூக்க வராது என்கிறார்களே, கூடையை எப்படித் தலைக்கு ஏற்றுவது? மீன் விற்காத அஞ்சலையை வைத்துக்கொண்டு அவள் புருஷன் என்ன செய்வான்? கை தூக்க வரும், நான் பொறுப்பு என்றார். அவள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள்.

“வர்றேன். இந்த வாட்டியும் திருப்பி அனுப்புனீங்கன்னா அதோட சரி. அப்புறம் நீங்க கடல்ல நீந்தி வந்தாலும் நான் வரமாட்டேன்.”

வந்தாள். ஆபரேஷன் அன்று காலையில் நல்ல மழை. நான் உள்ளே மருந்துகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம். சர்ஜனின் வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து ஸ்டெல்லா சிஸ்டர் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். நூற்றியொன்று.

வாயில் வைத்தால் ஏற்றித்தான் காட்டும், கக்கத்தில் வை என்றார் அவர். வைத்தாள். அதிலும் நூறைத் தாண்டியது. இவ்வளவு தூரம் மழையில் ஸ்கூட்டர் ஓட்டி வந்த சூடு, அரை டிகிரியைத் தள்ளிவிடு என்றார். தள்ளவில்லை. ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு அரை மணி கழித்து வருகிறேன், அப்போது பார் என்றார். பாதரசத்தோடு பேரம் பேசிய ஒரே ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். பதினாறு வருஷமாக அவருக்குக் கத்தி எடுத்துக் கொடுத்த ஸ்டெல்லா சிஸ்டர் கதவின் குறுக்கே கையை வைத்தாள்.

“சீக்கு மாட்டுக்கு மருந்து குடுத்து சந்தையில நிறுத்தற வேலல்லாம் இங்க வேணாம் சார். டாக்டரா இருந்தாலும்னு நீங்கதான சொன்னீங்க?”

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. அந்த இருமலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அது மழையில் நனைந்த இருமல் இல்லை.

சூப்பிரண்டு வந்து அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வாரம் தியேட்டர் திறக்குமா என்றதற்கு, காய்ச்சல் கேஸ்கள் வருகிற வேகத்தில் அதை என்னால் சொல்ல முடியாது என்றார். ராணுவத்துக்காரர், பொய் சொல்லவில்லை. உள்ளே டிராலியில் அஞ்சலை பச்சை கவுனோடு படுத்திருந்தாள். இன்று எழுப்பி அனுப்பினால் அவள் மறுபடி வரமாட்டாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கோமதி கை கழுவும் தொட்டிப் பக்கத்திலிருந்து வந்தாள். நான் செய்கிறேன் சார், ரெண்டு மணி நேரம் என்றாள். சர்ஜன் எதிர்ப்பக்கம் நிற்க அந்த ஆபரேஷனை அவள் நிறையச் செய்திருந்தாள். அவர் இல்லாமல் ஒன்றுகூடச் செய்ததில்லை. எங்கள் ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர், நான் அவளோடு நிற்கிறேன் என்றார். ஆனால் மார்பு தனக்கு மறந்து வெகுகாலமாயிற்று, பிடி என்றால் பிடிப்பேன் என்றும் சொல்லிவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தூங்கவைத்தால்தானே மற்றதெல்லாம்? எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அஞ்சலை சரி என்றால் எனக்குச் சரி என்றேன்.

டிராலியை வராண்டா வரைக்கும் தள்ளி வந்தோம். சர்ஜன் முகமூடியைப் போட்டுக்கொண்டு தூரத்தில், தூணோரம் நின்றார். தனக்குக் காய்ச்சல் என்றும், இந்த டாக்டரம்மாதான் ஆபரேஷன் செய்யப்போகிறார்கள் என்றும் சொன்னார். அஞ்சலை கோமதியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள்.

“உங்க வூட்டு அம்மாவா இருந்தா இவங்க கையில குடுப்பீங்களா?”

“குடுப்பேன்.”

அவள் மீதிக்காகக் காத்திருந்தாள். நானும்தான். அந்த மனிதர் ஒரு வார்த்தையோடு நிறுத்தி நான் கேட்டதில்லை. ஓட்டில் இருந்து மழைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

“அவ்ளோதானா?” என்றாள் அஞ்சலை.

“அவ்ளோதான்.”

மீன்காரி அவருடைய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகமூடிக்கு மேல் அதுதானே தெரிந்தது. அன்று அந்தக் கண்களில் வியாபாரம் இல்லை. அவர் பயந்துபோயிருந்தார், ஆனால் பொய் சொல்லவில்லை. அவள் தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டு, “தள்ளுங்க,” என்றாள்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோமதி செய்கிற எதிலும் சொல்ல அதிகம் இருக்காது. கட்டி எலும்பில் ஒட்டவில்லை. கக்கத்தில்தான் ஒரு நெறிக்கட்டி கைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயின் மேல் பசை போட்டது போல உட்கார்ந்திருந்தது. கோமதி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, இன்னும் அரை மணி நேரம் மேடம் என்றாள். அவள் தான் சொன்ன நேரத்தை மாற்றி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எடுத்துக்கொள் என்றேன். எலும்பு டாக்டர் மூச்சுவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே இருந்த சர்ஜன், கோமதி எங்கே வந்திருக்கிறாள், எங்கே வந்திருக்கிறாள் என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு கட்டத்துக்கு மேல் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். அரை மணி முடிவதற்குள் அந்த நெறிக்கட்டி கிண்ணத்தில் விழுந்தது. குழாயில் ஒரு கீறல் இல்லை. முகமூடிக்குள் நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

சர்ஜனுக்குத் தொண்டைச் சளி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். பன்றிக் காய்ச்சலேதான். அவருடைய சொந்த சர்ஜரி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், அவரையே படுக்கவைத்தார்கள். முதல் நாலைந்து நாள் மோசமாக இருந்தார். மூச்சு வாங்கியது; ஆக்ஸிஜன் குழாயை வைத்தால் ஒன்றும் பேசாமல் வைத்துக்கொண்டார். அவர் பேரம் பேசாமல் படுத்திருந்ததைப் பார்த்து ஸ்டெல்லா சிஸ்டர் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். பிறகு ஒருநாள் கஞ்சி வேண்டாம், அரை இட்லி கொடு என்று ஆரம்பித்தார் என்று செய்தி வந்தது. நாங்கள் நிம்மதியாக மூச்சுவிட்டோம்.

அஞ்சலைக்கு நீர் வடியக் கக்கத்தில் வைத்திருந்த டியூபை எடுத்தாயிற்று. தையல் மட்டும் பாக்கி. கை தோளுக்கு மேல் வரவில்லை. வலிக்கிறது என்று கையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டே திரிந்தாள். கோமதி எவ்வளவு சொல்லியும் நடக்கவில்லை. விஷயம் காய்ச்சல் வார்டுக்கு எட்டியது. அவளைத் தன் ஜன்னலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்.

பழைய காலத்து ஜன்னல். உள்பக்கம் மூடிய கண்ணாடி, வெளிப்பக்கம் குறுக்குக் கம்பிகள். நானும் கோமதியும் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். உள்ளே அவர் கன்னம் ஒட்டி, தாடியோடு, தலையணையில் சாய்ந்திருந்தார். ஒரு கம்பியைக் காட்டி இடது கையால் பிடி என்றார். கண்ணாடிக்குள்ளிருந்து குரல் கிணற்றில் இருந்து வருவது போல வந்தது. பிடித்தாள். அடுத்த கம்பி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். அதற்கு அடுத்தது. அவருடைய குடும்பத்தையே திட்டிக்கொண்டு ஏறினாள். நெற்றி உயரத்துக் கம்பியில் நின்றுவிட்டாள்.

“இன்னிக்கி இவ்ளோதான். செத்தாலும் மேல போவாது.”

“இன்னும் ஒண்ணு.”

“நாளைக்கித் தர்றேன்.”

அவர் இரும ஆரம்பித்துவிட்டதால் பேச்சு அங்கேயே நின்றது. தள்ளிப்போடுவதை அவர் ஒத்துக்கொண்டதாகத்தான் நான் நினைத்தேன். சும்மா இருந்தால் ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

மறுநாள் நான் ரவுண்ட்ஸ் முடித்து அந்தப் பக்கமாக வந்தபோது ஜன்னலுக்கு வெளியே அஞ்சலை தனியாக நின்றிருந்தாள். இடது கை தலைக்கு மேலே, உச்சிக் கம்பியைப் பிடித்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. உள்ளே அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்று கேட்டேன். தெரியலை என்றாள். வலிக்கவில்லையா என்றேன்.

“வலிக்காம? உசுரு போவுது. அவரு கண்ணால பாக்கட்டும்.”

கண்ணாடியைத் தட்டப் போனேன். தட்டாதீங்க, பாவம் தூங்கட்டும் என்றாள். எனவே நானும் அவளோடு நின்றேன். கடைசியில் அவராகவே புரண்டு கண்ணைத் திறந்தார். முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கையைப் பார்த்தார், அதன் வழியே மேலே கம்பி வரைக்கும். கட்டிலில் இருந்து எழுந்து, தள்ளாடி வந்து கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“எறக்கு, எறக்கு,” என்றார். “தையல் பிரிஞ்சிடும்.”

அவள் இறக்கவில்லை. அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.